முகப்பில் கற்கும் கல்வி: வேலையிடப் பயிற்சியும் பொதுச் சேவையின் தரமும்



மொழி வளர்ச்சிக்கான இச்சொற்பொழிவு வரிசையில் அரசு அமைப்புகளின் பயிற்சி முறையைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயின் அரசுப் பணி என்பது பெரும்பாலும் சொற்களால் நடைபெறும் பணி. சட்டத்தை நேரடியாகப் படித்து அதன்படி நடப்போர் மிகச் சிலர். ஏனையோருக்குச் சட்டம் என்பது, முகப்பில் அமர்ந்திருக்கும் அலுவலர் எடுத்துச் சொல்லும் நான்கைந்து வாக்கியங்களே. அவ்வாக்கியங்களை அவர் எங்கே கற்றார், யாரிடம் கற்றார், கற்றதைச் சரிபார்த்தவர் யார் என்னும் வினாக்கள் மொழியாசிரியர்களுக்கும் உரியவை என்று கருதியே இப்பொருளை எடுத்துக்கொண்டோம்.

வேலையிடப் பயிற்சி என்று நாம் குறிப்பிடுவது, உண்மையான வேலை நடக்கும் இடத்திலேயே, அவ்வேலையை நன்கறிந்த ஒருவரிடமிருந்து புதியவர் கற்றுக்கொள்வதை. தச்சுப் பட்டறையிலும் நகைப் பட்டறையிலும் சமையற்கட்டிலும் காலங்காலமாக நடந்துவரும் முறைதான் இது. அரசு அலுவலகத்தில் இம்முறை எப்படிச் செயற்படுகிறது என்பதைப் பொதுப்படையாகச் சொல்லிச் செல்வதைவிட, நம் எல்லோருக்கும் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு பார்ப்போம்.

சிங்கப்பூரில் மத்திய சேமநிதியை அறியாதவர் இல்லை. உறுப்பினர் ஒருவர் இறந்தால், அவருடைய கணக்கில் உள்ள பணம் யாருக்குச் செல்லவேண்டும் என்பதை அவர் உயிரோடு இருக்கும்போதே நியமனம் செய்து வைக்கலாம். அந்நியமனத்துக்கு இரு சாட்சிகள் வேண்டும். பணம் பெறப்போகிறவர் சாட்சியாக இருக்க இயலாது. உயில் எழுதி வைத்திருந்தாலும் சேமநிதிப் பணம் அவ்வுயிலுக்குள் அடங்காது. நியமனம் ஏதும் இல்லையென்றால் பணம் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குச் சென்று, சட்டம் வகுத்துள்ள முறைப்படி குடும்பத்தாருக்குப் பங்கிடப்படும். இன்னொன்று: நியமனம் செய்தவர் பின்னர் மணம் புரிந்துகொண்டால் முந்தைய நியமனம் தானாகவே ரத்தாகிவிடும். மணமுறிவு ஏற்பட்டாலோ ரத்தாகாது.

இத்தனையையும் ஒரு வகுப்பறையில் அரை மணி நேரத்தில் கற்பித்துவிடலாம். தேர்வு வைத்தால் புதிய அலுவலர் நூற்றுக்கு நூறு மதிப்பெண் பெறவும் கூடும்.

இப்போது முப்பத்தைந்து வயதுள்ள ஒருவர் முகவரி மாற்றம் பற்றிக் கேட்க முகப்புக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பேச்சுவாக்கில், "நியமனமெல்லாம் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே அம்மா பேரில் எழுதிவிட்டேன்" என்கிறார். நூறு மதிப்பெண் பெற்ற புதியவர் "நல்லது" என்று சொல்லி முகவரி வேலையை முடித்து அனுப்பிவிடுவார். அவர் செய்ததில் விதிமீறல் எதுவும் இல்லை; கேட்ட வேலையைக் குறித்த நேரத்தில் முடித்துக் கொடுத்திருக்கிறார். பல்லாண்டு அனுபவமுள்ள அலுவலர் அதே இடத்தில் ஒரு கேள்வி கேட்பார்: "உங்களுக்குக் கல்யாணம் அதற்கு முன்பா, பின்பா?" பின்பு என்றால் அம்மா பேரில் எழுதியது இன்று செல்லாது. மனைவியும் பிள்ளைகளும் உள்ளவர் வேறு நியமனம் இன்றி இறந்தால், இஸ்லாமியர் அல்லாதாருக்கான சட்டப்படி பாதி மனைவிக்கும் மீதி பிள்ளைகளுக்கும் போகும். தாய்க்கு எதுவும் கிடைக்காது. மகன் தனக்கென எழுதி வைத்திருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் ஒரு தாயின் நிலை, அந்த ஒற்றைக் கேள்வி கேட்கப்பட்டதா இல்லையா என்பதைப் பொறுத்திருக்கிறது.

விதி கையேட்டில் இருக்கிறது. அவ்விதியை எந்தப் பேச்சின் எந்த இடத்தில் நினைவுகூர வேண்டும் என்னும் அறிவு முகப்பில்தான் பிறக்கிறது. மைக்கேல் பொலான்யி என்னும் சிந்தனையாளர் 1966-இல் வெளியிட்ட நூலில், சொல்லில் அடங்காத இத்தகைய அறிவைப் பற்றி ஆராய்ந்தார். மிதிவண்டி ஓட்டத் தெரிந்தவரால் எப்படி ஓட்டுகிறோம் என்று விளக்க முடிவதில்லை. அனுபவமுள்ள அலுவலரிடம், "அந்தக் கேள்வியை ஏன் கேட்டீர்கள்?" என்று வினவினால், "கேட்கணும் என்று தோன்றியது" என்பார். புதியவருக்கு அந்தத் தோற்றம் எப்படி வரும்? பக்கத்தில் அமர்ந்து, அத்தருணத்தைக் கண்ணால் கண்டு, பின்னர் அதைப் பற்றி ஒரு சொல் பேசினால்தான் வரும்.

பக்கத்தில் அமர்வது மட்டும் போதுமா என்பதே அடுத்த சிக்கல். போதாது என்பதற்கு வரலாற்றில் நல்ல சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் தேர்ந்த தொழிலாளர்கள் போர்முனைக்குச் செல்ல, வேலை அறியாத இலட்சக்கணக்கானோரை விரைவில் பழக்கவேண்டிய நெருக்கடி ஏற்பட்டது. 1940 முதல் 1945 வரை இயங்கிய ஒரு பயிற்சித் திட்டம் அப்போது உருவாக்கப்பட்டது. அது தொழிலாளர்களை நேரடியாகப் பயிற்றவில்லை. அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் மேற்பார்வையாளர்களுக்குக் கற்பிக்கும் முறையைச் சொல்லித் தந்தது. 16 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பயிற்சி பெற்றனர். முதலில் கற்பவரை ஆயத்தப்படுத்து. பிறகு செய்து காட்டு. அடுத்து அவரையே செய்யச் சொல்லி, செய்வதைச் சொல்லச் சொல். கடைசியாகத் தனியே விட்டு அவ்வப்போது வந்து பார். சார்ல்ஸ் ஆலன் என்பவர் முதல் உலகப் போர்க் காலத்துக் கப்பல் கட்டும் தளங்களுக்காக வகுத்த முறையே இதற்கு மூலம். போருக்குப் பின் இம்முறை ஜப்பானுக்குச் சென்று அந்நாட்டுத் தொழிற்சாலைகளில் வேரூன்றியது.

நமக்கு இதில் மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது, அத்திட்டத்தில் பயன்படுத்தப்பட்ட ஓர் எளிய தாள். அதில் வேலையின் படிகள், ஒவ்வொரு படியிலும் கவனிக்கவேண்டிய நுட்பம் ஆகியவற்றைக் கற்பிப்பவர் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். முன்சொன்ன எடுத்துக்காட்டுக்கு அப்படியொரு தாளை எழுதினால், 'நியமனம் என்னும் சொல் காதில் விழுந்தால் திருமண ஆண்டைக் கேள். ஏனெனில் திருமணம் பழைய நியமனத்தை ரத்தாக்குகிறது' என்று ஒரு வரி அதில் இடம்பெறும். "தோன்றியது" என்று மூத்தவர் சொன்னது இங்கே ஒரு வாக்கியமாகிவிடுகிறது. சொல்லில் அடங்காத அறிவு முழுவதும் இப்படி அடங்கிவிடும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் சோம்பலால் சொல்லப்படாமல் கிடப்பது, உண்மையிலேயே சொல்ல முடியாததைவிட அதிகம் என்பது நம் எண்ணம்.

சிங்கப்பூரின் பொதுத்துறை பயிற்சிக்குப் புதியதன்று. 1959-இல் தன்னாட்சி பெற்றவுடனே, காலனித்துவ நிர்வாகத்தில் பழகிய அதிகாரிகள் புதிய அரசின் நோக்கத்தையும் மக்களின் நிலையையும் அறிந்துகொள்ள வேண்டுமென அரசியல் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. 1971-இல் அலுவலர் பயிற்சிக் கழகம் வந்தது. பின்னர் அரசாங்கச் சேவைக் கல்லூரி உருவானது. 1972-இல் அமைந்த தேசிய உற்பத்தித்திறன் வாரியம், 1983 முதல் ஜப்பானிய வல்லுநர்களின் துணையோடு நடத்திய திட்டத்தில் வேலையிடப் பயிற்சியும் உற்பத்தித்திறன் இயக்கத்தோடு இணைந்து வந்தது. 1982-இல் அறிமுகமான 'டீமி' என்னும் தேனீச் சின்னத்தை இந்த அவையில் மூத்தோர் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். 1995-இல் தொடங்கிய, இருபத்தோராம் நூற்றாண்டுக்கான பொதுச் சேவை இயக்கம் ஒவ்வோர் அலுவலருக்கும் ஆண்டுக்கு 100 மணி நேரப் பயிற்சி என்னும் இலக்கை வைத்தது. மலேசியாவிலும் 1993-இல் அரசு அமைப்புகள் தத்தம் வாடிக்கையாளர் சாசனத்தை வெளியிட வேண்டுமென்று நிர்வாகச் சுற்றறிக்கை வந்தது. இன்ன வேலை இத்தனை நாளில் முடியும் என்று முகப்பிலேயே எழுதி மாட்டும் வழக்கம் பரவியது.

இலக்குகள் நல்லவையே. எனினும் மணி நேரத்தை எண்ணுவது எளிது. அம்மணி நேரம் முகப்பில் என்ன ஆயிற்று என்று காண்பது கடினம். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் பயிற்சியை மதிப்பிடும் முறை ஒன்றை வகுத்தார். பயிற்சி பிடித்ததா, கற்றாரா, வேலையில் நடத்தை மாறியதா, அதனால் பலன் விளைந்ததா என்று அது படிப்படியாகக் கேட்கிறது. பெரும்பாலான அமைப்புகள் முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன. பயிற்சி முடிந்ததும் புன்னகை முகங்கள் வரைந்த தாள் ஒன்றைக் கொடுத்து, எது பிடித்தது என்று வட்டமிடச் சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது. 1988-இல் பால்ட்வின், ஃபோர்ட் ஆகிய ஆய்வாளர்கள் பயிற்சியில் கற்றது வேலைக்குச் சென்று சேர்கிறதா என்பதை ஆராய்ந்தபோது, கற்பவரின் இயல்பு, பயிற்சியின் அமைப்பு ஆகியவற்றோடு பணிச்சூழலையும் ஒரு காரணியாக வைத்தனர். மேலதிகாரியின் ஆதரவும் கற்றதைப் பயன்படுத்தும் வாய்ப்பும் இல்லையேல் கற்றது உதிர்ந்துபோகும். வேலையிடப் பயிற்சிக்கு இங்கே ஒரு வசதி உண்டு. கற்கும் இடமும் பயன்படுத்தும் இடமும் ஒன்றே ஆதலால், கற்றதை எடுத்துச் செல்லவேண்டிய தூரமே அதில் இல்லை.

அதே வசதியே அதன் ஆபத்தும் ஆகும். மைக்கேல் லிப்ஸ்கி 1980-இல் எழுதிய புகழ்பெற்ற நூலொன்று, மக்களை நேரில் சந்திக்கும் அடிமட்ட அலுவலர்களைப் பற்றியது. வரும் கூட்டம் பெரிது, இருக்கும் நேரம் சிறிது. எனவே அவர்கள் தம் சுமையைத் தாங்கிக்கொள்ளச் சில குறுக்குவழிகளைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார்கள். மக்களைச் சில வகைகளாகப் பிரித்துக்கொள்வது, அதிகம் கேட்காதவருக்கு அதிகம் சொல்லாதிருப்பது, சிக்கலானவரை இன்னொரு முகப்புக்கு அனுப்புவது போன்றவை அவை. நடைமுறையில் அவ்வழக்கங்களே அரசின் கொள்கையாக மக்களை வந்தடைகின்றன என்பது லிப்ஸ்கியின் வாதம். புதியவர் மூத்தவரின் அருகில் அமரும்போது கற்பவற்றுள் இவையும் அடங்கும். வகுப்பறையில் கற்றதைவிட இவை விரைவில் ஒட்டிக்கொள்ளும். ஏனெனில் இவை அன்றாட வேலையை எளிதாக்குகின்றன. "வகுப்பில் அப்படித்தான் சொல்வார்கள், இங்கே நாங்கள் இப்படித்தான் செய்வோம்" என்னும் வாக்கியத்தைக் கேட்காத புதிய ஆசிரியர் இந்த அவையில் எத்தனை பேர் இருக்க முடியும்!

ஆகவே வேலையிடப் பயிற்சி சேவைத் தரத்தை உயர்த்துமா என்று கேட்டால், யாரருகில் அமர வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது என்றுதான் விடை சொல்ல முடியும். விரைவாக வேலை முடிப்பவரே நல்ல பயிற்றுநர் என்று கருதும் வழக்கம் பரவலாக உள்ளது. அது நம் பார்வையில் தவறான தேர்வு. விரைவாகச் செய்பவர் பல படிகளை மனத்துக்குள்ளேயே தாண்டிவிடுவார். பார்ப்பவருக்கு அப்படிகள் தெரியா. மேலும் பயிற்றுநருக்கு நேரம் தரப்படுவதில்லை. ஒரு வருகையாளருக்கு இத்தனை நிமிடம், வரிசை இத்தனை பேருக்கு மேல் நீளக்கூடாது என்று கணக்கிடப்படும் முகப்பில், பக்கத்தில் ஒரு புதியவரையும் வைத்துக்கொண்டு அதே எண்ணிக்கையைக் காட்டு என்றால், பயிற்றுநர் எதைக் கைவிடுவார்? விளக்கத்தைத்தான். புதியவர் நாள் முழுவதும் கணினித் திரையையும் பயிற்றுநரின் தோளையும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வீட்டுக்குப் போவார். பயிற்சிப் பதிவேட்டில் எட்டு மணி நேரம் என்று பதிவாகும். அன்று ஒரு மணி நேரம் முகப்பை மூடி, காலையில் வந்தவர்களுள் மூவரைப் பற்றி மட்டும் இருவரும் அமர்ந்து பேசியிருந்தால் அந்த எட்டு மணி நேரத்தைவிடப் பயன் விளைந்திருக்கும். ஒரு மணி நேரம் முகப்பை மூடுவதற்கு மேலதிகாரி ஒருவர் பொறுப்பேற்கவேண்டும். பயிற்சியின் தரம் பெரும்பாலும் அந்த ஒருவரின் துணிவில் போய் நிற்கிறது.

சேவைத் தரம் என்கிறோமே, அதை எப்படி அளப்பது? பரசுராமன், ஸைதமல், பெர்ரி ஆகிய மூவரும் 1988-இல் வெளியிட்ட அளவுகோல் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. அம்மூவருள் முதல்வரான பரசுராமன் சென்னை ஐஐடியில் பயின்றவர். மக்கள் எதிர்பார்த்ததற்கும் பெற்றதற்கும் உள்ள இடைவெளியை 22 கூற்றுகளால் அவ்வளவுகோல் காண்கிறது. கண்ணுக்குத் தெரியும் வசதி, சொன்னபடி செய்யும் நம்பகம், உடனே உதவும் முனைப்பு, அலுவலரின் அறிவும் பண்பும் தரும் உறுதி, ஒவ்வொருவரையும் தனித்தறியும் பரிவு என ஐந்து கூறுகள் அதில் உண்டு. முதற்கூறைப் பணம் கொடுத்து வாங்கலாம். நாற்காலியும் குளிரூட்டியும் வரிசை எண் தரும் இயந்திரமும் அவ்வகை. உறுதியும் பரிவும் முகப்பில் இருப்பவரின் வாயிலிருந்தும் முகத்திலிருந்தும் மட்டுமே வரக்கூடியவை. அவற்றுக்கு மொழி வேண்டும்.

இங்கே நம் மொழியின் பங்கைச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம். சிங்கப்பூரில் தமிழ் நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் ஒன்று. ஆனால் பொதுத்துறையில் பயிற்சிகள் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. அது நடைமுறைத் தேவை, குறைசொல்ல ஒன்றுமில்லை. பள்ளியில் பத்தாண்டுகள் தமிழ் பயின்ற ஓர் இளைஞர் முகப்பு அலுவலராகிறார். எழுபது வயது மூதாட்டி ஒருவர் வந்து, "தம்பி, நான்தான் உயில் எழுதிட்டேனே, இது வேற எதுக்கு?" என்று கேட்கிறார். இளைஞருக்கு விதி தெரியும், தமிழும் தெரியும். விதியைத் தமிழில் சொல்லத்தான் தெரியவில்லை. நூலக நாள் பற்றிக் கட்டுரை எழுதியவருக்கு, 'சேமநிதிப் பணம் உயிலுக்குள் வராது, அம்மா. அதற்குத் தனியே எழுதிக் கொடுக்கவேண்டும்' என்னும் இரு வாக்கியங்கள் வாயில் வருவதில்லை. ஆங்கிலச் சொற்களை அடுக்கி, இடையே இரண்டு தமிழ் வினைகளைச் செருகிச் சொல்லி முடிக்கிறார். மூதாட்டி தலையசைத்துவிட்டுப் போகிறார். அத்தலையசைப்பு புரிந்ததற்கு அடையாளமன்று, மரியாதைக்கு அடையாளம் என்பதைக் கண்டுகொள்வதும் ஒரு பயிற்சியே.

இந்த இளைஞருக்கு அருகில், தமிழில் இதனைச் சொல்லப் பழகிய மூத்த அலுவலர் இருந்தால் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்வார். எப்போது 'நியமனம்' என்னும் அதிகாரத்துவச் சொல்லைச் சொல்வது, எப்போது "உங்களுக்குப் பிறகு இந்தப் பணம் யாருக்குப் போகணும்னு எழுதித் தர்றது" என்று விரிப்பது. எவரை 'ஐயா' என்பது, எவருக்கு 'அங்கிள்' என்றால்தான் மனம் இளகும். இறப்பைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் அச்சொல்லைச் சொல்லாமலே எப்படிச் சொல்வது. இவற்றை எந்த அகராதியும் தருவதில்லை. அலுவலகத்தில் தமிழ் பேசும் மூத்தவர் ஓய்வுபெறும்போது, எழுதிவைக்கப்படாவிட்டால் இவ்வறிவும் அவரோடு வெளியேறிவிடுகிறது.

இத்துறையில் நல்ல முயற்சிகள் நடந்துள்ளன. 2014-இல் முன்னோடித் தலைமுறைத் தொகுப்புத்திட்டம் அறிவிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 450,000 மூத்தோருக்கு அதன் பயன்களை விளக்கவேண்டியிருந்தது. துண்டுப் பிரசுரம் மட்டும் போதாது என்று கண்டு, தொண்டூழியத் தூதர்கள் பயிற்சி பெற்று வீடு வீடாகச் சென்று, அவரவர் மொழியில் பேசினர். மூத்தவரின் வீட்டு வரவேற்பறையில் அமர்ந்து பேசும்போது வரிசை எண் இல்லை, பின்னால் காத்திருப்போர் இல்லை. அவ்வகைப் பேச்சில் கற்பவர் தூதரும்தான். எந்த விளக்கம் எடுபடுகிறது, எது எடுபடவில்லை என்பது எதிரில் இருப்பவர் முகத்திலேயே தெரிந்துவிடும். அவ்வமைப்பு 2018 முதல் மூத்த தலைமுறை அலுவலகமாக இயங்கி வருகிறது. அதே 2014-இல் தேசிய மொழிபெயர்ப்புக் குழுவும் அமைக்கப்பட்டது. 2022-இல் வந்த இணைய மொழிபெயர்ப்புத் தளம், சிங்கப்பூர்ச் சூழலுக்கேற்ற தமிழ்ச் சொற்களைத் தேட அலுவலர்க்கும் பொதுமக்களுக்கும் வழி செய்துள்ளது. எழுத்துக்கு இவ்வளவு வந்துவிட்டது. பேச்சுக்கு, அதாவது முகப்பில் சொல்லவேண்டிய வாக்கியங்களுக்கு, அமைப்புதோறும் ஒரு சிறு தொகுப்பு உருவாகவேண்டும் என்பது நம் விருப்பம்.

அத்தொகுப்பு உருவாகும்வரை வகுப்பறையில் செய்யக்கூடிய ஒரு பயிற்சியைத் தமிழாசிரியர்கள் முன் வைக்கிறோம். முன்னே சொன்ன நியமன விதிகளை உயர்நிலை மாணவர்களிடம் கொடுங்கள். எழுபது வயதுப் பாட்டிக்குச் சொல்வதுபோல எட்டு வாக்கியங்களில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதை ஒருவர் வாய்விட்டுச் சொல்ல, இன்னொருவர் தாளைப் பார்க்காமல் கேட்டுவிட்டு, தாம் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லட்டும். எங்கே வழுக்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சாட்சி பற்றிய விதி எளிதாகக் கடந்துவிடும். திருமணம் பற்றிய விதியில்தான் கேட்பவர் தடுமாறக் கூடும். ஏனெனில் கல்யாணம் செய்தால் ரத்தாகிறது, பிரிந்தால் ரத்தாகவில்லை என்பது நம் இயல்பான எதிர்பார்ப்புக்கு மாறானது. அந்த இடத்தில் மாணவர் எத்தனை முறை வாக்கியத்தை மாற்றி அமைக்கிறார் என்று பாருங்கள். முடிந்தால் வீட்டுக்கும் அனுப்புங்கள். தாத்தா பாட்டியிடம் சொல்லிப் பார்த்து, அவர்கள் கேட்ட முதற்கேள்வி எதுவென்று மறுநாள் எழுதிக்கொண்டு வரட்டும்.